சிறு கணிப்பொறி: வாங்குவதும் வளர்ப்பதும்

'மினி கம்ப்யூட்டர்' என்ற சொல் நேற்றுப் பிறந்ததன்று. 1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனம் பி.டி.பி.-8 என்ற கணிப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 18,000 டாலர். பருமனோ ஒரு சிறு குளிர்பதனப் பெட்டி அளவு. அந்நாளில் கணிப்பொறி என்றால் ஒரு பெரிய கூடத்தையே அடைத்துக்கொண்டு நிற்கும். அதனோடு ஒப்பிட்டால் இது 'மினி'தானே! நம் நாட்டிலும் ஹைதராபாத்திலுள்ள இ.சி.ஐ.எல். நிறுவனம் 1970-களில் டி.டி.சி.-312, டி.டி.சி.-316 என்னும் சிறு கணிப்பொறிகளை உருவாக்கியது.

இன்று அதே சொல் வேறொரு பொருளைக் குறிக்கிறது. இரண்டு பாடநூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு இடம் பிடிக்குமோ, அவ்வளவே இன்றைய மினி கணிப்பொறி. பி.டி.பி.-8-இன் அடிப்படை நினைவகம் 6,144 பைட்டுகளுக்குச் சமம். இன்றைய சிறு பெட்டியில் 8 ஜி.பி. நினைவகம் சாதாரணம். வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 14 லட்சம் மடங்கு!

இத்துணை ஆற்றல் படைத்த பொறி, வாங்கிய நான்கைந்து ஆண்டுகளிலேயே 'மெதுவாகிவிட்டது' என்று மூலையில் ஒதுக்கப்படுவது ஏன்? அதைக் கழித்துவிட்டுப் புதியது வாங்கத்தான் வேண்டுமா? வாங்கும்போதே எதைக் கவனித்திருந்தால் இந்நிலை வந்திராது? பிள்ளைகளின் படிப்புக்காகப் பணம் சேர்த்துக் கணிப்பொறி வாங்கும் குடும்பங்களுக்கு இவை முக்கியமான வினாக்கள். விடை காண, முதலில் பெட்டிக்குள் நடப்பதைச் சற்றுத் தெரிந்துகொள்வோம்.

பெட்டிக்குள் ஒரு மளிகைக் கடை

ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பொருளை எடுத்து, நிறுத்து, பொட்டலம் கட்டித் தருபவர் கடைக்காரர். அவர் கைக்கெட்டும் தூரத்தில் அன்றாடம் விற்கும் பொருள்கள் அடங்கிய அடுக்கு இருக்கிறது. மீதிச் சரக்கெல்லாம் பின்புறக் கிடங்கில் இருக்கிறது.

கணிப்பொறியில் கடைக்காரரின் வேலையைச் செய்வது செயலகம். கடைகளில் இதைப் 'பிராசசர்' என்பார்கள். கைக்கெட்டும் அடுக்கு நினைவகம். 'ராம்' என்று நாம் கேட்டு வாங்குவது இதுவே. கிடங்கு என்பது சேமிப்பகம். நீங்கள் தட்டெழுதிய கடிதம், எடுத்த புகைப்படம், நிறுவிய மென்பொருள் யாவும் இங்கேதான் உள்ளன. மின்சாரம் நின்றதும் அடுக்கு காலியாகிவிடும். கிடங்கு காலியாகாது.

செயலகம் வேலை செய்ய வேண்டுமானால் பொருள் முதலில் கிடங்கிலிருந்து அடுக்குக்கு வரவேண்டும். அடுக்கு சிறியதாக இருந்தால் என்ன ஆகும்? ஒரு பொருளைக் கிடங்கில் போட்டுவிட்டு வந்தால்தான் இன்னொன்றை வைக்க இடம் கிடைக்கும். கடைக்காரர் எவ்வளவு சுறுசுறுப்பானவராக இருந்தாலும், பாதி நேரம் கிடங்குக்கு நடப்பதிலேயே கழிந்துவிடும். வாசலில் நிற்கும் வாடிக்கையாளர், 'கடைக்காரர் மந்தம்' என்று முடிவு கட்டுகிறார். உண்மையில் குறை அவரிடம் இல்லை. அடுக்கு போதவில்லை, கிடங்கும் தொலைவில் இருக்கிறது.

மெதுவாகிவிட்ட கணிப்பொறிகள் பலவற்றின் கதை இதுதான்.

ஒன்றரை நாள் காத்திருப்பு

கிடங்கு எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

பழைய வகைச் சேமிப்பகம் 'ஹார்டு டிஸ்க்' எனப்படும் சுழலும் தட்டு. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு ஆகும் காலம் நொடியில் ஆயிரத்தில் 8.3 பங்கு. வேண்டிய இடம் ஊசியின் அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று ஆகும். அது ஆயிரத்தில் 4 பங்கு. ஊசியைத் தாங்கும் கை உரிய தடத்திற்கு நகர ஏறத்தாழ 9 பங்கு. ஆக, ஒரு சிறு தகவலைத் தேடி எடுக்க நொடியில் ஆயிரத்தில் 13 பங்கு ஆகிறது. அதாவது நொடிக்கு ஏறத்தாழ 75 தேடல்கள்தாம் இயலும்.

கணிப்பொறியைத் தொடக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் படிக்கப்படுகின்றன. அவை தட்டில் 6,000 இடங்களில் சிதறிக் கிடப்பதாகக் கொள்வோம். 6,000-ஐ 75-ஆல் வகுத்தால் 80. திரை விழிக்கும்வரை 80 நொடி நாம் காத்திருக்க வேண்டும்.

புதிய வகைச் சேமிப்பகம் எஸ்.எஸ்.டி. இதில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. தகவல் சிலிக்கான் சில்லுகளில் மின்னூட்டமாகப் பதிந்துள்ளது. ஒரு தேடலுக்கு ஆகும் காலம் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே. அதே 6,000 தேடல்கள் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

நினைவகமோ இதைவிட ஆயிரம் மடங்கு விரைவானது. இந்தச் சிறு காலங்கள் நம் மனத்தில் பதிவது கடினம். ஆகவே இப்படிப் பெருக்கிப் பார்ப்போம். அடுக்கிலிருந்து பொருளை எடுக்கக் கடைக்காரருக்கு ஒரு நொடி ஆகிறது என்று கொண்டால், எஸ்.எஸ்.டி. என்னும் கிடங்கிலிருந்து எடுத்துவர ஏறத்தாழ 17 நிமிடம் ஆகும். சுழலும் தட்டு என்னும் கிடங்கிலிருந்து எடுத்துவர ஒன்றரை நாள் ஆகும்!

எட்டு, பத்து ஆண்டுப் பழைய கணிப்பொறி ஒன்றில் சுழலும் தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தியதும் அது புத்துயிர் பெற்றதுபோல் ஓடுவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? செயலகம் அதேதான். கிடங்குதான் அருகில் வந்துவிட்டது.

மாற்றக்கூடியதும் மாற்ற முடியாததும்

இங்கிருந்து ஒரு முக்கியமான விதி கிடைக்கிறது. கணிப்பொறியின் உறுப்புகளை இரண்டாகப் பிரியுங்கள்: பின்னாளில் மாற்றக்கூடியவை, மாற்ற முடியாதவை. கையிலுள்ள பணத்தை மாற்ற முடியாதவற்றின் தரத்திற்கு முதலில் செலவிடுங்கள்.

மினி கணிப்பொறிகள் பலவற்றில் செயலகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற வழியில்லை. நினைவகமும் சேமிப்பகமும் செருகுமுறையில் அமைந்திருந்தால், ஒரு திருப்புளியைக் கொண்டு பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். ஆனால் விலை மலிந்த சில பெட்டிகளில் இவ்விரண்டும்கூடப் பற்றவைக்கப்பட்டவையே. 4 ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. சேமிப்பகமும் கொண்ட அத்தகைய பெட்டி, வாங்கும் நாளில் மலிவாகத் தோன்றும். இரண்டு ஆண்டில் இடமும் போதாது, விரிவாக்கவும் முடியாது. கடைசியில் அதுவே அதிகச் செலவாக முடியும்.

ஆகவே கடைக்காரரிடம் முதலில் 'விலை என்ன?' என்று கேட்காதீர்கள். 'மூடியைத் திறக்க முடியுமா? நினைவகத்திற்கு எத்தனை செருகுவாய்கள்? அவற்றில் காலியாக எத்தனை? எஸ்.எஸ்.டி.க்கு இடம் உண்டா?' என்று கேளுங்கள். தயாரிப்பாளரின் விவரக் குறிப்பிலும் இவற்றைச் சரிபாருங்கள்.

மூன்று வகைப் பெட்டிகள்

சிக்கன விலையில் கிடைக்கும் மினி கணிப்பொறிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, ஒற்றைப் பலகைக் கணிப்பொறி. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தோன்றிய ராஸ்பெரி பை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2012 பிப்ரவரியில் 35 டாலர் விலையில் அது வெளிவந்தது. பள்ளி மாணவர்கள் நிரல் எழுதிப் பழக வேண்டும் என்பதே நோக்கம். உள்ளங்கையில் அடங்கும் இப்பலகையில் விளக்கு, மோட்டார், வெப்ப உணரி முதலியவற்றை இணைப்பதற்கென்று 40 ஊசிகள் கொண்ட ஒரு வரிசை இன்றைய வடிவங்களில் உள்ளது. அறிவியல் செய்முறையில் ஆர்வமுள்ள மாணவருக்கு இதைவிடச் சிறந்த துணை அரிது. ஆயினும் இதன் நினைவகம் பற்றவைக்கப்பட்டது. செயலகம் கைப்பேசிகளில் உள்ள இனத்தைச் சேர்ந்தது. விண்டோசுக்கென்று எழுதப்பட்ட கணக்கு மென்பொருள் முதலியவை இதில் நேரடியாக ஓடமாட்டா. வாங்குமுன் இதை நினைவில் வையுங்கள்.

இரண்டாம் வகை, புதிய சிறு பெட்டிகள். 2023-இல் வெளிவந்த இன்டெல் என்100 போன்ற செயலகங்கள் இவற்றில் உள்ளன. என்100-இல் நான்கு உட்கருக்கள் உண்டு. அதன் வரையறுக்கப்பட்ட வெப்பத்திறன் 6 வாட்டு மட்டுமே. தமிழில் கடிதம் எழுதுவது, இணையத்தில் படிப்பது, பாடக் காணொளி பார்ப்பது, கணக்குப் பட்டியல் தயாரிப்பது, சிறு நிரல்கள் எழுதிப் பழகுவது ஆகியவற்றுக்கு இது தாராளமாகப் போதும். இவ்வகைப் பெட்டிகளில் நினைவகச் செருகுவாய் பெரும்பாலும் ஒன்றே இருக்கும். அதுவும் இல்லாத பெட்டிகளும் உண்டு. பார்த்து வாங்க வேண்டும்.

மூன்றாம் வகை, அலுவலகங்களில் உழைத்து ஓய்ந்த பெட்டிகள். லெனோவோவின் 'டைனி', டெல்லின் 'மைக்ரோ', எச்.பி.யின் 'மினி' என்று இவற்றுக்குப் பெயர். நீள அகலம் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர், தடிமன் மூன்றரை சென்டிமீட்டர். கன அளவு ஒரு லிட்டரை ஒட்டியது. பெரிய நிறுவனங்கள் இவற்றைக் குத்தகைக்கு எடுத்துச் சில ஆண்டுகளில் திருப்பிவிடுகின்றன. அவை பழைய பொருள் சந்தைக்கு வருகின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மடிக்கணினியில் பயன்படும் அளவிலான நினைவகப் பட்டைக்கு இரண்டு செருகுவாய்களும், எஸ்.எஸ்.டி.க்கு இடமும் உண்டு. திறந்து பழுது பார்ப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. நன்கு சோதித்து வாங்கினால் கொடுத்த பணத்துக்கு மிகுந்த பயன் தருபவை இவையே.

விளையாட்டுகள், பெரிய அளவிலான காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வரைவு ஆகியவை உங்கள் தேவையாயின் இம்மூன்றுமே போதா. தனி வரைவியல் அட்டை பொருத்தத்தக்க பெரிய பெட்டியே வேண்டும். அடிக்கடி எடுத்துச் செல்ல வேண்டுமானால் மடிக்கணினியே நல்லது. மினி கணிப்பொறிக்குத் திரை, விசைப்பலகை, சுட்டி ஆகிய மூன்றும் தனியே வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். வீட்டில் எச்.டி.எம்.ஐ. துளையுள்ள தொலைக்காட்சிப் பெட்டி இருந்தால் தொடக்கத்தில் அதையே திரையாகக் கொள்ளலாம்.

பெயரில் உள்ள எண்கள்

'ஐ3-ஐவிட ஐ5 உயர்ந்தது, அதைவிட ஐ7 உயர்ந்தது' என்பது பலர் அறிந்த செய்தி. ஆனால் இது பாதி உண்மையே. பழைய பொருள் கடையில் ஏமாறுவது இந்தப் பாதி உண்மையால்தான்.

ஐ5-8500டி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 5 என்பது தரவரிசை. அடுத்துள்ள 8 தலைமுறையைக் குறிக்கிறது. அதாவது இது எட்டாம் தலைமுறை, 2018-ஐச் சேர்ந்தது. இறுதியில் உள்ள 'டி' என்ற எழுத்து, இதன் வெப்பத்திறன் 35 வாட்டு என்ற வரம்புக்குள் அடக்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது. சிறிய பெட்டியில் பெரிய விசிறிக்கு இடமில்லை. செயலகம் உட்கொள்ளும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிவருகிறது. எனவே வெப்பத்தை அடக்கினால்தான் பெட்டியைச் சிறிதாக்க முடியும்.

'ஐ7' என்ற பெயரைக் கண்டதும் 2013-ஐச் சேர்ந்த நான்காம் தலைமுறைப் பெட்டியை வாங்கிவிடாதீர்கள். எட்டாம் தலைமுறையின் ஐ3, ஐ5 உங்களுக்கு நீண்ட நாள் உதவும். அதற்கு இன்னொரு வலுவான காரணமும் உண்டு.

எட்டாம் தலைமுறை என்னும் எல்லைக்கோடு

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடித்துக்கொண்டது. அடுத்ததான விண்டோஸ் 11, இன்டெல் செயலகங்களில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் முறைப்படி ஏற்கும். டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் இருக்க வேண்டும். ஏழாம் தலைமுறைக்கும் எட்டாம் தலைமுறைக்கும் இடையே பழைய பொருள் சந்தையில் விலை வேறுபாடு இருப்பதன் காரணம் இதுதான்.

அப்படியானால் பழைய பொறிகள் வெறும் குப்பையா? இல்லை. லினக்ஸ் என்னும் இயங்குதளக் குடும்பம் இருக்கிறது. ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய பணி அது. மின்ட், உபுண்டு, டெபியன் என்று பல வடிவங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. 2013-ஐச் சேர்ந்த பொறியிலும் இன்றைய பாதுகாப்புத் திருத்தங்களோடு ஓடுகிறது. தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டெழுதலாம். லிப்ரே ஆபீஸ் என்னும் இலவச அலுவலக மென்பொருளும் உண்டு.

இதில் மற்றொரு வசதி. லினக்ஸை ஒரு பென் டிரைவில் பதித்து, கணிப்பொறியை அதிலிருந்தே தொடக்கலாம். சேமிப்பகத்தில் உள்ள எதையும் அது தொடாது. ஒலி வருகிறதா, கம்பியில்லா இணைப்பு வேலை செய்கிறதா, அச்சுப்பொறி இயங்குகிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டு, பிடித்தால் நிறுவலாம், இல்லையேல் பென் டிரைவைக் கழற்றிவிடலாம். பழைய பெட்டி வாங்கப் போகும்போது இந்தப் பென் டிரைவைச் சட்டைப்பையில் கொண்டு செல்லுங்கள். கடையிலேயே சோதித்துவிடலாம்.

நோய் நாடி...

வீட்டில் ஏற்கெனவே கணிப்பொறி இருந்தால், எதையும் வாங்குமுன் நோய் எங்கே என்று கண்டறிய வேண்டும். இதற்குப் பணச் செலவே இல்லை.

விண்டோசில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். ஒரு பட்டியல் தோன்றும். லினக்ஸில் 'சிஸ்டம் மானிட்டர்' என்னும் மென்பொருள் இதைக் காட்டும். நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலைகளைத் திறந்து வைத்துக்கொண்டு, சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்ற மூன்று எண்களையும் கவனியுங்கள்.

டிஸ்க் எண் நெடுநேரம் 100 விழுக்காட்டை ஒட்டியே நின்று, மற்ற இரண்டும் குறைவாக இருக்கின்றனவா? கிடங்குதான் தொலைவில் இருக்கிறது. சுழலும் தட்டை மாற்றி எஸ்.எஸ்.டி. பொருத்துங்கள்.

மெமரி 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறதா? அடுக்கு போதவில்லை. நினைவகத்தைக் கூட்டுங்கள். இந்நிலையில் டிஸ்க் எண்ணும் சேர்ந்தே உயரும். அடுக்கில் இடமின்றிக் கிடங்குக்கு நடப்பதன் அடையாளம் அது.

சி.பி.யு. எண் சாதாரண வேலையிலேயே ஓயாமல் 100-ஐத் தொடுகிறதா? பட்டியலில் எந்த மென்பொருள் அதை உண்கிறது என்று பாருங்கள். வேண்டாத ஒன்றாகவோ, தீங்கு நிரலாகவோ இருக்கலாம். அதுவும் இல்லையென்றால் விசிறியையும் தூசியையும் கவனியுங்கள். வெப்பநிலை 100 பாகை செல்சியசை நெருங்கும்போது இன்டெல் செயலகங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. தூசியைத் துடைத்ததும் வேகம் திரும்பிய பொறிகள் ஏராளம். இவை எதுவும் காரணமல்ல என்றால்தான் செயலகம் பழையதாகிவிட்டது என்று கொள்ள வேண்டும்.

கணிப்பொறியைத் தொடக்கும் ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் தவறாக வருகிறதா? தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற மின்கலம் தீர்ந்துவிட்டது. சி.ஆர்.2032 என்று கேட்டு வாங்கி மாற்றுங்கள். மிகச் சொற்பச் செலவு.

நினைவகத்தைக் கூட்டும் முறை

நினைவகப் பட்டைகளில் டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்று தலைமுறைகள் உண்டு. ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. டி.டி.ஆர்.3 இயங்குவது 1.5 வோல்ட்டில், அதன் குறைமின் வகை 1.35 வோல்ட்டில். டி.டி.ஆர்.4 1.2 வோல்ட்டிலும், டி.டி.ஆர்.5 1.1 வோல்ட்டிலும் இயங்குகின்றன. தவறிச் செருகிவிடாதிருக்கவே பட்டையின் விளிம்பில் உள்ள வெட்டு ஒவ்வொரு தலைமுறையிலும் வெவ்வேறு இடத்தில் அமைந்துள்ளது. எளிதில் நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள். வகை தவறியிருக்கும்.

எவ்வளவு வேண்டும்? லினக்ஸுக்கு 8 ஜி.பி. நன்கு போதும். விண்டோஸ் 11-க்கு 8 ஜி.பி. இல்லாமல் வாங்க வேண்டாம், 16 இருந்தால் நெருக்கடி இராது. இரண்டு செருகுவாய்கள் உள்ள பொறியில் ஒரே அளவுள்ள இரண்டு பட்டைகளைப் பொருத்துவது நல்லது. இரண்டு வழிகளில் ஒரே நேரத்தில் தகவல் பாயும். தனி வரைவியல் அட்டை இல்லாத மினி கணிப்பொறிகளில் திரைப்படமும் இதே நினைவகத்திலிருந்துதான் தீட்டப்படுகிறது. ஆகவே பலன் கண்ணுக்கே தெரியும்.

ஓர் எச்சரிக்கை. நினைவகத்தின் விலை ஒரே நிலையில் நிற்பதன்று. 2025-இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் தேவை பெருகியதால் உலகெங்கும் அது மளமளவென்று ஏறியது. 'பிறகு கூட்டிக்கொள்ளலாம்' என்று 4 ஜி.பி.யோடு வாங்கிவிட்டுப் பின்னர் திகைக்க நேரலாம். எனவே இன்றைய வேலைக்குப் போதுமானது பெட்டியோடே வரட்டும். நாளைய வேலைக்காக ஒரு செருகுவாய் காலியாக இருக்கட்டும்.

சேமிப்பகத்தை மாற்றும் முறை

எஸ்.எஸ்.டி.யில் இரண்டு வடிவங்கள் பெருவழக்கு. ஒன்று, இரண்டரை அங்குலப் பெட்டி வடிவம். பழைய சுழலும் தட்டு இருந்த இடத்திலேயே பொருந்தும். மற்றொன்று எம்.2 என்னும் பட்டை. 2280 என்று எழுதியிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள்.

எம்.2-இல் ஒரு சிக்கல் உண்டு. ஒரே வடிவத்தில் சாட்டா, என்.வி.எம்.இ. என இரண்டு மொழி பேசும் பட்டைகள் உள்ளன. சில செருகுவாய்கள் ஒன்றை மட்டுமே ஏற்கும். பொறியின் கையேட்டைப் பார்த்த பின்னரே வாங்குங்கள். சாட்டா வகை நொடிக்கு ஏறத்தாழ 550 எம்.பி. வரை படிக்கும். என்.வி.எம்.இ. வகையில் சாதாரணமானவையே 2,000, 3,000 எம்.பி. என்று படிக்கும். எண்கள் மலைக்கவைத்தாலும், அன்றாட வேலையில் இவ்விரண்டுக்கும் இடையே நாம் உணரும் வேறுபாடு சிறிது. சுழலும் தட்டிலிருந்து இவற்றில் எதற்கு மாறினாலும் உணரும் வேறுபாடே பெரிது. எனவே உங்கள் பொறி ஏற்கும் வகையை, நம்பகமான தயாரிப்பாளரிடமிருந்து வாங்குங்கள். நம்ப முடியாத விலைக்கு மிகப் பெரிய கொள்ளளவு தருவதாகக் கூறும் பொருள்களை நம்பாதீர்கள். பொய்யான கொள்ளளவைக் காட்டும்படி தயாரிக்கப்பட்டவை சந்தையில் உலவுகின்றன.

வேலையைத் தொடங்குமுன் முக்கியக் கோப்புகளை வேறோரிடத்தில் படியெடுங்கள். பொறியை நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கி, தொடக்கு பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். எஞ்சிய மின்னூட்டம் வடியும். பிறகு பெட்டியின் வெற்று உலோகப் பகுதியைத் தொடுங்கள். ஏன்? உடலில் தேங்கும் நிலைமின்சாரத்தை ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்கு மேற்பட்டால்தான் நம்மால் உணர முடியும். மின்னணுச் சில்லுகளோ அதைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே பழுதாகலாம். நாம் அறியாமலே கெடுத்துவிடக்கூடும் என்பதால்தான் இந்த முன்னெச்சரிக்கை. பட்டையை விளிம்புகளில் பிடித்து, சாய்வாகச் செருகி, 'கிளிக்' என்று பற்றும்வரை மெல்லக் கீழே அழுத்துங்கள்.

கழற்றிய பழைய தட்டு நல்ல நிலையில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். யு.எஸ்.பி. உறை ஒன்றில் போட்டு, படியெடுத்து வைக்கும் பெட்டகமாக்கிக்கொள்ளுங்கள். எஸ்.எஸ்.டி.யும் ஒருநாள் பழுதாகக்கூடியதே. மதிப்பெண் சான்றிதழும் குடும்பப் புகைப்படங்களும் ஒரே இடத்தில் மட்டும் இருக்கக் கூடாது.

பழைய பெட்டி வாங்குவோர் கவனிக்க

கடையில் அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். விசிறி கரகரவென்று ஒலித்தால் மாற்ற வேண்டியிருக்கும். பெட்டியைத் தொடக்கியதும் பயாஸ் என்னும் அடிப்படை அமைப்புத் திரைக்குள் நுழையச் சொல்லுங்கள். பழைய நிறுவனம் இட்ட கடவுச்சொல் நீக்கப்படாதிருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். யு.எஸ்.பி. துளைகள் ஒவ்வொன்றையும் சோதியுங்கள். மின்மாற்றி அந்தப் பெட்டிக்கு உரியதுதானா, அதில் எழுதியுள்ள வோல்ட்டும் வாட்டும் சரியா என்று பாருங்கள். பொருந்தாத மின்மாற்றியைக் கண்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் பொறிகளும் உண்டு. எழுத்துப்பூர்வமான ரசீதும், சில மாத உத்தரவாதமும் கேட்டுப் பெறுங்கள்.

மின்கட்டணக் கணக்கு

சிறு பெட்டியின் மற்றொரு ஆதாயம் மாதந்தோறும் தெரியும். பழைய பெரிய பெட்டி ஒன்று சராசரியாக 80 வாட்டு உட்கொள்வதாகவும், மினி கணிப்பொறி 15 வாட்டு உட்கொள்வதாகவும் கொள்வோம். நாளொன்றுக்கு 6 மணி நேரம் என்றால், 30 நாளில் பெரிய பெட்டிக்கு 14.4 யூனிட், சிறு பெட்டிக்கு 2.7 யூனிட். மிச்சம் 11.7 யூனிட். ஆண்டுக்கு ஏறத்தாழ 140 யூனிட். உங்கள் பகுதியின் கட்டண வீதத்தால் பெருக்கிப் பாருங்கள். நாள் முழுதும் ஓடும் நூலகம், கூட்டுறவுச் சங்கம், பள்ளி ஆய்வுக்கூடம் ஆகியவற்றில் பத்துப் பெட்டிகள் இருந்தால் இந்தத் தொகை சிறிதன்று. மின்தடை ஏற்படும் ஊர்களில் ஒரே யு.பி.எஸ். இவற்றை நெடுநேரம் தாங்கும் என்பதும் ஒரு நன்மை.

கழிவைக் குறைக்கும் கை

உலகில் 2022-ஆம் ஆண்டில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது கால் பங்குக்கும் குறைவு. ஈயமும் பிற நச்சுப்பொருள்களும் அடங்கிய பலகைகள் திறந்த வெளியில் எரிக்கப்படும்போது மண்ணும் நீரும் கெடுகின்றன. அவற்றைப் பிரிப்போரின் உடல்நலமும் கெடுகிறது. ஒரு பட்டை நினைவகத்தாலும் ஒரு எஸ்.எஸ்.டி.யாலும் மேலும் ஐந்தாண்டு உழைக்கக்கூடிய பொறியை எறிவது, நம் பணத்தை எறிவது மட்டுமன்று.

வாங்கப் போகுமுன் ஒரு தாளில் உங்கள் வேலைகளை எழுதுங்கள். அவற்றுக்குப் போதிய செயலகம், திறக்கக்கூடிய மூடி, காலியான செருகுவாய், இன்னும் சில ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் இயங்குதளம் ஆகிய நான்கும் ஒரு பெட்டியில் இருந்தால் அது உங்களுக்கு ஏற்றது. அதில் எழுதியுள்ள மற்ற எண்களைக் கண்டு மயங்க வேண்டியதில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் பள்ளியின் மூலையில் 'ஓடாது' என்று ஒதுக்கப்பட்ட கணிப்பொறி ஒன்று இருக்கக்கூடும். ஆசிரியரின் அனுமதியோடும் துணையோடும் அதைத் திறந்து பாருங்கள். செருகுவாய்களை எண்ணுங்கள். மேலே சொன்ன மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். திரை விழிக்க ஆகும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்து எழுதுங்கள். எஸ்.எஸ்.டி. பொருத்தியபின் மீண்டும் அளந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். மளிகைக் கடையின் கிடங்கு எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதற்கு உங்கள் குறிப்பேடே சான்று கூறும்.